கரியாலூர்க் களத்தில் ஒரு குழி

ஊட்டி கோல்ஃப் மைதானம் சிறந்ததா, கொடைக்கானல் மைதானம் சிறந்ததா என்று நானும் மனைவியும் மலைக்கிராமமான கரியாலூர் வரை சண்டை போட்டுக்கொண்டே வருகிறோம். டீ குடிக்க இறங்கிய இடத்தில், சாணம் மெழுகிய சாமை அடிக்கும் களம் ஒன்று வழவழவென்று கிடக்கிறது. நடுவில் ஒரு குழி.

"மாடு கட்டுற கம்பத்துக்குத் தோண்டுனது. நாளைக்குத்தான் நடுவோம்" என்கிறார் களத்துக்காரர்.

ஒரு பந்து அடித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறேன்.

"ஆடுங்க. செருப்போட மட்டும் களத்துல ஏறாதீங்க."

காரிலிருந்து மட்டையும் பந்தும் எடுத்துவந்து, வெறுங்காலோடு அடிக்கிறேன். பந்து முப்பதடி உருண்டு, விளிம்பில் கொஞ்சம் யோசித்து, குழிக்குள் விழுகிறது.

"இன்னொரு தபா அடிங்க, பாக்கலாம்."

அடிக்கிறேன். அதுவும் விழுகிறது.

திரும்பிப் பார்க்கிறேன். கொடைக்கானலை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றவள், கையில் தன் மட்டையோடு ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.