மூன்றாவது மாங்கன்று

என் கணவர் நட்ட மூன்று ஒட்டு மாங்கன்றுகளில் இரண்டு செத்த பிறகுதான் மூன்றாவதை நான் சரியாகப் பார்த்தேன். அதுவரை தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். அவர் போன பிறகு ஒரு வருஷம் எல்லாவற்றையுமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சோறு வடித்தேன், தின்றேன், பாத்திரம் கழுவினேன். ஒன்றும் உறைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசப் பேச, எப்போது எழுந்து போவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுசு போயிற்று. வெள்ளானூரில் வீடு கட்டிக் குடிவந்ததும் அவர் செய்த முதல் வேலை, வாசலோரம் காலி இடத்தில் குழி வெட்டியதுதான். பால் காய்ச்சின அடுப்பு ஆறவில்லை, மனுஷன் மண்வெட்டியோடு நிற்கிறார். மூன்று கன்றையும் தன் கையாலேயே நட்டார். ஒட்டுப் போட்ட இடத்தில் நர்சரிக்காரர்கள் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடாவைக்கூட, ஒட்டு கூடிவிட்டதா என்று பத்து தடவை குனிந்து பார்த்துவிட்டு, பிளேடால் கீறி எடுத்தார். அடுத்த மாதம் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மகன் முகப்பேரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரைத் தெருவில் விட்டுவிட்டு, எவனாவது கீறிவிடப் போகிறான் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாவது கன்று காய்ந்ததும், "ரெண்டு போச்சும்மா. இதுவும் போய்டும். பேசாம சிமென்ட் போட்டு கார் உள்ள உட்டுக்கலாம்" என்றான்.

"இது போனா போட்டுக்கோ. பொழைச்சா கை வைக்கக் கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டான். என் வாயிலிருந்து அப்படி வந்ததே எனக்கு ஆச்சரியம். ஒரு வருஷமாக எதுவும் வேண்டும் என்று தோன்றாதவள். அவர் கையால் வைத்தது ஒன்றாவது அந்த இடத்தில் நிற்கட்டும் என்று இருந்தது.

அன்றைக்குத்தான் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. நுனிக் கொம்பு காய்ந்து கருகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "வேரு அழுகிக்கீதுக்கா. நீ தண்ணி ஊத்துற ஊத்துக்கு அது நீச்சலடிக்குது" என்றாள். அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. தண்ணீரைக் குறைத்தேன். இன்னும் நாலு இலை விழுந்தது. பூச்சியாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் தெளித்தேன். பூஞ்சைக்கு என்று கடையில் ஒரு பொடி கொடுத்தார்கள், அதையும் கரைத்து ஊற்றினேன். எதற்கும் அசையவில்லை.

கடைசியில் ஒரு கொம்பை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர் கன்று வாங்கிய பூந்தமல்லி ரோட்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் கொம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாக்கா, தலைமுடிய கொணாந்து காட்டி காய்ச்சலா பாருன்ற மாரி கீது. ஊட்டாண்ட வந்து பாக்கறேன்" என்றார். சொன்னபடியே மறுநாள் காலையில் வண்டியில் வந்து இறங்கினார்.

அவர் இலையைப் பார்க்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, தண்டை இரண்டு விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். ஒட்டுக்குக் கொஞ்சம் மேலே விரல் நின்றது.

"இங்க பாரு. மேல பொடைச்சிகினு கீது, கீழ ஒல்லியா கீது. எதையோ இறுக்கிக் கட்டிக்கீறீங்க."

"நாடாவ அவரே எடுத்துட்டாரே" என்றேன்.

நர்சரிக்காரர் பேனாக்கத்தியால் பட்டையைக் கீறினார். உள்ளே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் நெம்பி இழுத்ததும் நூல் போல வந்தது. கறுப்புக் கயிறு.

நான்தான் கட்டினேன். என் கணவர் காரியம் முடிந்து சில நாளில், பக்கத்து வீட்டுக்காரி கன்றுகளைப் பார்த்து, "தளதளன்னு வந்துகினு கீதே" என்று வாயைப் பிளந்தாள். மனுஷனைத்தான் கண் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள், இதுகளாவது இருக்கட்டும் என்று கோயில் வாசலில் கறுப்புக் கயிறு வாங்கி வந்து, மூன்றுக்கும் கட்டினேன். வழுக்கி இறங்கிவிடக் கூடாது என்று இறுக்கி மூன்று முடிச்சு. அதற்குப் பிறகு அதை மறந்தே போனேன்.

"பருத்திக் கயிறுன்னா மழைல மக்கிப் பூட்டிருக்கும். இது நைலான்க்கா. மரம் பெருக்குது, கயிறு பெருக்குமா? உள்ள பூந்து கழுத்த அறுத்துக்கீது. இலை செய்யற சாப்பாடு வேருக்கு எறங்கல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "எல்லா ஊட்லயும் கட்றதுதான். தளர்த்திக் கட்டணும், அவ்ளோதான்."

காய்ந்துபோன மற்ற இரண்டையும் நான் பிடுங்கவில்லை. நர்சரிக்காரரே போய்ப் பார்த்தார். இரண்டிலும் அதே இடத்தில் கயிறு.

அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பளாரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தண்ணீர், பூச்சி, பூஞ்சை, பக்கத்து வீட்டுக்காரி கண் என்று ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேனே, பாவி.

கயிற்றைத் துண்டு துண்டாக எடுத்துவிட்டு, பாரம் குறையட்டும் என்று மேலே பாதியை வெட்டினார். போகும்போது, "துளிர் வந்தா எங்க வருதுன்னு பாரு. ஒட்டுக்கு மேல வந்தா உன் மரம். கீழ வந்தா அது கொட்டைல மொளைச்ச அடிக்கன்னு, ஒட்டு செத்துச்சுன்னு அர்த்தம்" என்றார். நான் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசல் தெளிக்கப் போனவள் பார்த்தேன். செம்புநிறத்தில் ஒரு துளிர், விரல் நீளம். வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். முட்டி வலியோடு குனிந்தேன். ஒட்டுக்குக் கீழே, மண்ணுக்குக் கொஞ்சம் மேலே அது இருந்தது. மேல் தண்டை நகத்தால் சுரண்டினேன். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை. இன்னும் கீழே சுரண்டினேன். ஒட்டு வரைக்கும் பழுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். சிமென்ட் போட்டுக்கொள்ளடா, முடிந்துவிட்டது என்று. கேட்டைத் திறந்தவன் நான் சொல்வதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டான். சலவை பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தான். துளிரைத் தொடவும் பயந்து, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்பா மரம் பொழைச்சிகிச்சும்மா" என்றான். கார் நிறுத்த இடம் கேட்டவன்தான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

அது ஒட்டுக்குக் கீழே வந்த துளிர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இன்னா ஆச்சு இதுக்குன்னு கண்டுபிடிச்சியா?" என்று கேட்டான்.

"வெயில்டா. வெயில் தாங்கல" என்றேன்.

அடுத்த ஞாயிறு பச்சை வலையும் நாலு கொம்பும் வாங்கி வந்தான். ஒரு பக்கமும் வெயில் படக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வந்து அளந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் "புடிம்மா" என்றான். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.