தொடரோட்டத்திற்குப் பின் சொன்ன சேதி

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். காலையில் எழுத வேண்டியதை மாலையில் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

இன்று செங்கல்பட்டுப் பேருந்தில் என் பக்கத்தில் வந்தமர்ந்தவள் கன்னியம்மா. எழுபதுகளில் மாமல்லபுரத்து மீனவக் குப்பத்திலிருந்து கல்லூரியில் சேர்ந்த பெண்கள் நாங்கள் இருவரே. முதலாண்டில் ஆங்கில வகுப்பில் ஊமைகளாக இருந்த எங்களுக்கு ஓடுகளமே ஆறுதல். ஆங்கிலத்தைப் பின்னர் நானே கற்றேன். ஓட்டத்தை இன்றும் விடவில்லை.

"இன்னாடி, இன்னும் ஓடினு கீறியாமே? முட்டி தேஞ்சா எவன் தூக்குவான்?" என்று சிரித்தாள்.

பிறகு சொன்னாள்: "ரிலேல ஜெயிச்சோமே, அன்னிக்குன்னு பாத்து நைனா பூட்டாரு. சேதி லேட்டா வந்துச்சு. மொகத்தக்கூட பாக்கல."

சேதி தாமதமாக வரவில்லை.

அக்காலத்தில் எங்கள் ஊர்ச் சாவுச் சேதியைப் பேருந்து நடத்துநரே கொண்டுவருவார். ஓட்டத்திற்கு முன்பே மைதான வாசலில் அவர் என்னிடம் சொன்னார்: "கன்னியம்மா நைனா பொணமா கரை ஒதுங்கிட்டாரு. சீக்கிரம் இட்டுனு வா."

கடலில் இறந்தவரைப் பொழுது சாயுமுன் புதைத்துவிடுவார்கள் என்பதை அறிந்தும், நான்காவதாக ஓட அவளை விட்டால் வேறு ஆளில்லை என்று, கோப்பை கைக்கு வரும்வரை வாய்மூடி நின்றேன். பிறகு, அப்போதுதான் சேதி வந்ததுபோல் அவளிடம் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியிருந்தது. அவள் மறுபடி கல்லூரிக்கு வரவில்லை.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாடி, மீன் கொழம்பு வெக்கிறேன்" என்று சொல்லி இறங்கினாள்.

இப்போது சொல்வது நேர்மையா, என் சுமையை அவள் தலையில் இறக்குவதா? அறிவுரை வழங்குவதில் நீங்கள் என்றும் பின்தங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தாருங்கள்.