இடிக்கச் சொன்ன சுவர்

யாராவது கேட்காமலே உதவ வந்தால் அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரிக்குச் சந்தேகம் வந்துவிடும். கணவர் போனபிறகு ஒன்பது வருடமாக அந்த வாடகைக் கடையை ஒண்டியாக நடத்துகிறாள். லென்ஸ் தேய்ப்பதும் அவள்தான், கல்லாவில் உட்காருவதும் அவள்தான்.

ஒரு நாள் காலை கட்டட மேனேஜர் வந்தார். எத்தனை முறை புகார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். அன்று தானாகவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கடை நெருக்கமா இருக்கேம்மா. அந்தக் குறுக்குச் சுவரை எடுத்துடுங்களேன். ஓனர் தாராளமா செஞ்சுக்கச் சொல்லிட்டாரு."

மூன்று வருடத்துக்கு முன் அவளே இதைக் கேட்டபோது முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவரும் இவர்தான்.

"ஒரு லெட்டர் குடுத்துடுங்க சார், செஞ்சுடறேன்."

"நமக்குள்ள என்னம்மா லெட்டரு?"

'நமக்குள்ள' என்பது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் போனதும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்தாள். கடைக்குள் வரும் சில்லறை ரிப்பேர்கள் அவள் பொறுப்பு. கூரை, தூண், வெளிச்சுவர் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. அதற்கடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையாவது மாற்றினால், பிறகு கட்டடத்தில் தெரியவரும் சேதம் முழுக்க வாடகைக்கு இருப்பவர் தலையில்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கொத்தனார். "அண்ணி, சுவரு எடுக்கணுமாமே? மேனேஜர் போன் பண்ணாரு. நாளைக்கே ஆள் கூட்டிட்டு வரட்டுமா?"

"உனக்கும் அவருக்கும் என்ன பேச்சு?"

"போன வருஷம் அவர் வீட்டுல பூச்சு வேலை செஞ்சேனே."

இவனும் அவரோடு சேர்ந்துவிட்டானோ என்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. டார்ச்சை வாங்கிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்க உள்ளே போனான்.

ஷோகேஸுக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தது.

"இது யார் பூசினது?"

அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தாள். போன மாதம் அவள் லென்ஸ் வாங்கப் போன அன்றைக்கு, ஒயரிங் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் சாவி வாங்கியிருந்தார்.

கொழுந்தன் பெயின்ட்டைச் சுரண்டினான். உள்ளே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வேகமாக இறங்கி வந்தான்.

"மேல புதுசா ரெண்டு பெரிய தண்ணி டேங்க் வெச்சிருக்காங்க அண்ணி. அந்த பாரத்துல கூரை பீம் விரிசல் விட்டுப்போச்சு. இப்ப இந்தக் குறுக்குச் சுவருதான் முட்டுக் குடுத்து நிக்குது."

"இது தெரிஞ்சுமா அவர் இடிக்கச் சொன்னாரு?"

"சுவரு தாங்குதுன்னு தெரிஞ்சிருக்காது. விரிசலை உங்க தலையில கட்டிடலாம்னு மட்டும் நெனைச்சிருப்பாரு."

அப்போதே கடையைப் பூட்டினாள். மறுநாள் விரிசலையும் டேங்க்குகளையும் போட்டோ எடுத்து, அவற்றை வைத்து உரிமையாளருக்கும் நகராட்சிப் பொறியாளருக்கும் பதிவுத் தபால் அனுப்பினாள். மூன்றாம் நாள் உரிமையாளரே வந்து நின்றார். "சுவரை எடுக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையேம்மா" என்றார். பக்கத்தில் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் யார் புளுகுகிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரையும் நம்பாமல், பீமைச் சரிசெய்வது தன் பொறுப்பே என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். அன்றே டேங்க்குகளைக் காலி செய்தார்கள். இரும்பு முட்டுக் கொடுத்துப் பழுது பார்த்து முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று.

அந்தப் பதினாறு நாளும் கொழுந்தன் எட்டிப் பார்க்கவில்லை. அவளே அவன் வீட்டுக்குப் போனாள்.

"உன்னைப் போய் தப்பா நெனைச்சுட்டேன்பா."

"விடுங்க அண்ணி. தனியா நிக்கிறவங்க நாலையும் யோசிப்பீங்க." சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவள் உடனே எழுந்து வந்துவிடவில்லை. அவன் மனைவி விளக்குப் போடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.