மதில் வளைந்த இடம்

ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குருவானவர்தான் வேண்டும் என்பதில்லை. கொடுப்பவர் கத்தோலிக்கராக, ஏன், கிறிஸ்தவராகக்கூட இருக்கத் தேவையில்லை. தலையில் தண்ணீர் வார்த்து, உரிய வார்த்தைகளைச் சொல்லி, திருச்சபை செய்வதையே தானும் செய்வதாக எண்ணினால் போதும். திருச்சபை நம்புவதை அவரும் நம்பவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சுற்றுநிருபங்களோடு வாழ்ந்தவள் நான். இவ்வளவு தெளிவான விதியை அங்கே ஒருநாளும் கண்டதில்லை. தெளிவான விதிக்குத்தான் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

எனக்கு எட்டு வயது முடிந்திருந்தபோது, கப்பல் வேலைக்குப் போன மாமா, அம்மாவின் தம்பி, வாவிக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அமெரிக்கத் துறைமுகமொன்றில் கால் முறிந்து கிடந்த மாதங்களில் அவர் மோர்மன் சபையில் சேர்ந்திருந்தார். ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. அவர் தேத்தண்ணி குடிக்க மறுத்ததைத்தான் பொறுக்கவில்லை. “தேயிலைக்குள்ள என்ன பாவம் கிடக்கு மச்சான்?” என்று அப்பா தினமும் கேட்பார். மாமா சிரித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரைக் குடிப்பார். எட்டு வயதுக்குப் பிறகுதான் மனிதருக்குப் பாவம் உண்டு, அதற்கு முன் ஞானஸ்நானமே தேவையில்லை என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். இதைச் சற்றுப் பிந்தி அறிந்துகொண்டேனே என்று எனக்கு வருத்தம்.

ஆவணியில் தங்கை குறைமாதத்தில் பிறந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், எங்கள் பங்குச் சுவாமி புளியந்தீவுக்குப் போயிருந்ததால், அவரை அழைத்துவர அப்பா தோணியில் போனார். காற்று எதிராக இருந்தது. வேறு ஆள் இருக்கும்போது பெற்றவர்கள் கொடுக்கக்கூடாது என்று அம்மா ஞானோபதேசத்தில் படித்திருந்தாள்.

“தம்பி, நீ ஊத்து.”

மாமா தயங்கினார். பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவருடைய சபையில் தவறு.

“அக்கா, இவள் நேரா தேவனிட்டதான் போறாள். இவளிட்ட கழுவ ஒண்டுமில்ல.”

“ஒன்ட சபைக்கு இல்ல. என்ட சபைக்கு இருக்கு. ஊத்து.”

நான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். பிதாவுடையவும் சுதனுடையவும் பரிசுத்த ஆவியினுடையவும் நாமத்தினாலே என்று மாமா மூன்று முறை வார்த்தார். தங்கை அழவில்லை. அப்பாவும் சுவாமியும் வந்து சேர்ந்தபோது அவள் இல்லை.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை அக்காலத்தில் எங்கள் ஊரில் சேமக்காலைக்குள் அடக்குவதில்லை. மதிலுக்கு வெளியே புதைப்பார்கள். சுவாமி நல்லவர், நிறையப் படித்தவரும்கூட. அதுதான் பிரச்சினை. வார்த்தைகள் சரி, ஆனால் மோர்மன்களுக்கு அந்த மூவரும் ஒரே தேவன் அல்லவே என்று மாமாவிடம் கேட்டார்.

“ஓம் சுவாமி. மூண்டு பேர், நோக்கம்தான் ஒண்டு. பிதாவுக்கும் நம்மளப்போல உடம்பு இருக்கு.”

“அப்ப அந்தத் தண்ணி பாவத்தக் கழுவினதெண்டு நீர் நம்பல்லையா?”

எங்கள் வீடே மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்ல சுவாமி. பொய் சொல்ல ஏலாது. அக்கா கேட்டது எதுவோ அதத்தான் செய்தன்.”

விதி கேட்ட பதில் அதேதான். ஆனால் சுவாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆயர் இல்லத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை தங்கை மதிலுக்கு வெளியே, வாவிப் பக்கம். அம்மா மாமாவோடு பேசுவதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்து நானும் நிறுத்தினேன். கல்லறைத் திருநாளில் ஊரார் உள்ளே மெழுகுதிரி கொளுத்தியபோது அம்மா தனியாக வெளியே கொளுத்தினாள்.

அதே கார்த்திகையில் சூறாவளி அடித்தது. தென்னைகள் போயின, கோவில் கூரை போனது, சேமக்காலை மதில் மணலோடு மணலாகச் சரிந்தது.

மதிலைத் திருப்பிக் கட்ட மாமா முன்வந்தார். அவருக்கு மதில் ஒரு பொருட்டே அல்ல. உள்ளே கிடப்பவரையும் வெளியே கிடப்பவரையும் தேவன் ஒன்றாகத்தான் எழுப்புவார் என்பவர். மார்கழி முழுக்க நொண்டிக் காலோடு கல் அடுக்கினார். நேராகப் போன மதில் வாவிப் பக்கத்தில் திடீரென்று வெளியே வளைந்து, ஒரு சிறு மேட்டைச் சுற்றிக்கொண்டு, பழையபடி நேரானது.

சுவாமி வந்தார். மதிலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

“நூல் பிடிக்கல்லையா?”

“பிடிச்சன் சுவாமி. காத்துக்கு நூல் வளைஞ்சிட்டு.”

சுவாமி தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலை அம்மா ஒரு குவளை பச்சைத் தண்ணீரை நீட்டி, “குடி தம்பி” என்றாள்.

மாமா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். நூலின் மறுநுனியைப் பிடித்திருந்தவள் நான். அன்றைக்குச் சொல்ல மறுத்த பொய்யை இன்றைக்கு ஏன் சொன்னார், அதைக் கேட்டு அம்மா ஏன் அழுதாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஞானஸ்நானம் செல்லும், குழந்தையை உள்ளே அடக்கத் தடையில்லை என்று ஆயர் இல்லத்துப் பதில் வந்து சேர்ந்தது 1979ஆம் ஆண்டு மாசி மாதம் 28ஆம் திகதி, விபூதிப் புதன்.