மகாராணியின் நடை

குதிரைப் பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் குதிரைக்காரர் என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். குதிரை கனைத்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார். ஓட்டம் என்ன ஓட்டம்! எப்போதோ ஒரு குதிரையிடம் பட்ட உதையில் முழங்கால் கெட்டு, விந்தி விந்தித்தான் நடப்பார். அதற்கெல்லாம் கலங்காத மனிதர், மகாராணி என்கிற பெண் குதிரைக்கு முன்னங்கால் தசைநார் கிழிந்தபோது இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

கால்நடை டாக்டரம்மா மகாராணியின் வாலடிக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்த ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, கிழிந்த இடத்தில் ஊசியாகப் போட்டார்.

"அது உடம்புல எடுத்ததுதான், காயம் ஆற உதவும். ஆனா ஓட விடாதீங்க. கையில பிடிச்சு மெதுவா நடத்துங்க."

"இதுக்கப்புறமும் நொண்டினா வித்துடுவேன்," என்றார் முதலாளி.

நொண்டிக் குதிரையைக் கறிக்குத்தான் வாங்குவார்கள் என்று குதிரைக்காரருக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். துள்ளிவிடுமோ என்ற பயத்தில் கயிற்றை அதன் தாடையோரமாக இறுக்கிப் பிடித்தே நடத்தினார்.

சோதனை நாள் வந்தது. ஸ்கேனில் தசைநார் அழகாகக் கூடியிருந்தது. ஆனால் நடத்திக் காட்டியபோது மகாராணியின் தலை அடிக்கு அடி தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. முன்னங்கால் வலிக்கும் குதிரைதான் அப்படித் தலையாட்டும். டாக்டரம்மாவின் முகம் வாடியது. வாங்குகிறவனைக் கூப்பிட முதலாளி போனை எடுத்தார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த குதிரைக்காரரின் மனைவி வேலியோரம் நின்று கலகலவென்று சிரித்தாள்.

"சிரிக்கிற நேரமாடி இது?" என்று சீறினார் குதிரைக்காரர்.

"பின்ன என்னங்க? கல்யாணமான நாள்லேருந்து இந்த நடையைத்தானே பாக்குறேன். நொண்டுறது நீங்க! கயித்தோட அது தலையையும் சேத்து இழுக்குறீங்க."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நான்ல பாத்திருக்கணும்! கயித்தை லூசா விடுங்க."

குதிரைக்காரருக்கு மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தளர்த்தி, மறுபடி நடத்தினார். மகாராணியின் தலை ஆடாமல் அசையாமல் இருந்தது. டாக்டரம்மா கயிற்றை வாங்கி மெல்ல ஓட்டிப் பார்த்தார். நான்கு குளம்புகளும் சீராக விழுந்தன. குதிரைக்காரர் வெட்கப்படாமல் அழுதார். முதலாளி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊசி மனுஷங்களுக்கு இல்லையா டாக்டரம்மா?" என்றாள் மனைவி.

"முழங்காலுக்கு ஆராய்ச்சி நடந்துட்டுத்தான் இருக்கும்மா. நிச்சயமா சொல்ல இன்னும் காலம் ஆகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் இவரை நான் பிடிச்சு நடத்திக்கிறேன். கயித்தை லூசா விட்டுத்தான்!"