நெஞ்சுவலி மாத்திரை

கர்ப்பத்தின் மூன்றாம் மாதப் பரிசோதனைகளைப் பார்த்த டாக்டர், எனக்குப் போகப்போக ரத்த அழுத்தம் ஏறக்கூடும் என்று சொல்லி, அதைத் தடுக்கத் தினமும் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை எழுதித் தந்தார். பாம்பனில் மருந்துக் கடைக்காரர், "இது நெஞ்சுவலிக்காரவுக மாத்திரையாச்சே, புள்ளத்தாச்சிக்கு எதுக்குத்தா குடுத்தாக?" என்றார். பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

ஏழாம் மாதம் அழுத்தம் எகிறி, ராமநாதபுரத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தது பெரிய விஷயம். மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டியவருக்கு வைத்தியம் எதற்கு என்று இன்றும் வயிறு எரிகிறது. இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும், டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் எதையும் நிறுத்துவதில்லை.

போன வாரம் அதே கடைக்காரர் என் மகளைப் பார்த்து, "என்னத்தா, புள்ள இம்புட்டு நோஞ்சானா இருக்கு?" என்கிறார்.

"நீங்க பாத்த வைத்தியந்தாண்ணே" என்றேன்.