பெயர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் அவருக்கு ஆமென் அண்ணன் என்று பெயர். ஜெபிக்க ஆரம்பித்தால் ஆமென் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைப்புக்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக். மற்ற நேரமெல்லாம் சபைதான். நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, நோயாளிகளைப் பார்க்கப் போவது எல்லாம் அவர் தலையில். சம்பளம் கிடையாது. போதகர் வெளியூர் போனால் ஆராதனையையும் அவரே நடத்துவார். மனிதர் தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம். அதையும் வரம், வரம் என்று சொல்லி நாங்களே வளர்த்துவிட்டோம்.

பாடகர் குழுவில் பாடும் தையல்கார அக்கா வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பார்க்கப் போயிருந்தார். கேஸ் ஏற்றி முடித்ததும் வழக்கம்போல், ஜெபிக்க ஏதாவது காரியம் உண்டா என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டாள். கணவருக்கு வேலை போய்விட்டது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, ரயில் நிலையத்துப் பெஞ்சில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புகிறார். நூல் வாங்கப் போன வழியில் அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதுண்ணா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க."

அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு போதகர் ஊரில் இல்லை, மைக் அண்ணன் கையில் இருந்தது. நோயாளிகளுக்காக ஜெபித்தார், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். பிறகு குரல் உடைந்து, கண்ணில் நீர் வழிய, "வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், சாப்பாட்டுப் பையோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் உமது பிள்ளையை நினைத்தருளும் ஆண்டவரே" என்றார். எங்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் தேடினோம். தேடியே இருக்க வேண்டாம். தையல்கார அக்காவின் கணவர் எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியே போய்க்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பிறகு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. நான் பேர் சொல்லவில்லையே என்றார். அதையே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது. அழுதது நிஜம்தான். ஆனால் அழும்போதே, இன்றைக்கு ஜெபம் நன்றாக அமைகிறது என்று மனதின் ஒரு மூலை மகிழ்ந்ததும் நிஜம். அந்த மகிழ்ச்சிதான் அவரைக் குடைந்தது. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. போதகர் ஜெபிக்கக் கூப்பிட்டபோது, தொண்டை கட்டிக்கொண்டது என்று பொய் சொன்னார். அவர்கள் இனி வராமலே போய்விட்டால், துரத்தியது தான்தான் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நேரே அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார். கணவர்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அண்ணன் தொடங்கியதும் அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லாத்தான் ஜெபம் பண்ணீங்கண்ணா. என் பையன் பக்கத்துல உட்கார்ந்துட்டு, பாவம்ப்பா அந்த ஆளுன்னு என் காதுல சொன்னான். அப்புறம்தான் எழுந்து போனேன்."

அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெபிக்காமல் கிளம்பியதில்லை. ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புகிறேன் என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது; கையும் கூப்பிக்கொண்டது.

"மனசுக்குள்ளயே பண்ணுங்க" என்றாள் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டார். மன்னியும் ஆண்டவரே என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, அந்த மனிதர் கண்ணை மூடாமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.